முப்பத்தாறாவது எண்ணில் கட்டைவிரல்

எங்கள் அறையில் அவருக்குப் பெயர் கால்பிடி அக்கா. பெயர் வைத்தது நான்தான். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ அதைத் தானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். "வேலை வாங்குறதுக்கு நான் யார் காலையும் பிடிக்கலை. வேலைக்கு வந்த பிறகுதான் ஊர்ப்பட்ட காலையும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்" என்பார். என்னைவிட மூன்று வயது சின்னவர். ஆனாலும் தலைமை மருத்துவரிலிருந்து லிஃப்ட்காரர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான்.

உண்மையில் வேலையும் அதுதான், கால் பிடிப்பது. எங்களுடையது ரத்தக் குழாய்களைப் படம் எடுக்கும் அறை. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ரத்தம் தெரியாது. அதனால் தொடை இடுக்கில் ஒரு மெல்லிய குழலைச் சொருகி, அதன் வழியாக ஒரு திரவத்தைச் செலுத்துவோம். அது போகிற வழியெல்லாம் திரையில் கறுப்பாகத் தெரியும். புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு; நாங்கள் மை என்போம். மை இறங்கினால் கால் எரியும். எரிந்தால் நோயாளி காலை உதறுவார். உதறினால் படம் கலங்கிப்போகும், எல்லாம் முதலிலிருந்து. அப்படி உதறாமல் இருக்க, எட்டுக் கிலோ ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு மேசையின் கால்மாட்டில் நிற்பவர் அக்கா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மிஷினோடு உட்கார்ந்து, படம் ஓடுவதற்கான பெடலை மிதிப்பவன் நான்.

முதலில் அவர் தரை துடைக்கத்தான் வந்தார். ஒரு நாள் ஒரு பெரியவர் விட்ட உதையில் நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து அந்தக் காலைப் பிடித்தார். பதினாறு வருஷமாகிறது, இன்னும் விடவில்லை.

பிடிப்பது என்றால் அமுக்கிப் பிடிப்பது இல்லை. உள்ளங்கைகளைப் பாதத்துக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொள்வார். மை இறங்க ஆரம்பித்ததும் சத்தமாக எண்ணுவார். "என்கூட எண்ணுங்க அண்ணா. நாப்பது வர்றதுக்குள்ள சூடெல்லாம் அடங்கிடும்." எரிச்சலில் துடிக்கிற மனுஷனுக்கு ஒரு எண் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு கிடப்பான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. என் வேலை பாதியில் முடிந்துவிடும். அவர் நோயாளிக்குச் சூடு அடங்கும்வரை எண்ணிக்கொண்டுதான் இருப்பார். ஒரு தடவை கை சும்மா இருக்கமாட்டாமல் அந்த எண்ணிக்கையை என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன். அறுபது எண்ணி முடித்தபோது முள் அறுபதில் நின்றது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அவர் மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்துப் போட வீட்டுக்குப் போயிருக்கிறேன். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஜன்னலோரம் மகளின் புத்தகங்கள். கணவருக்கு லேத் பட்டறையில் வேலை. வாயைத் திறந்தால் மூடமாட்டார். "கல்யாணம் பேச வந்த அன்னிக்கு நான் எத்தனை பொய் சொன்னேன்னு இவ எண்ணி வெச்சிருந்தா சார்" என்றார். எத்தனை என்று கேட்டேன். "ஏழு" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. "எட்டு. ஒண்ணை விட்டுட்டா" என்று அவர் என் காதோரம் குனிந்து சொன்னார்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இந்த மிஷினோடு எனக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். படத்தில் இல்லாதது காலில் இல்லை என்பது என் கொள்கை. நோயாளி சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வது டாக்டர்கள் வேலை; என் வேலை திரை. மை முழங்காலைத் தாண்டி இறங்கவில்லை என்றால் இருபது நொடி பார்ப்பேன், அதற்குமேல் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவேன். வீணாக எதற்குக் கதிர் பாய்ச்சுவது? அந்தச் சிக்கனத்தை எனக்கு முன்னால் இருந்தவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார், நான் அதைப் பெருமையாக வைத்துக்கொண்டேன்.

இப்படி இருந்த அறைக்குத்தான் அந்த ஒப்பீடு வந்தது. சந்தைக்குப் புதிதாக ஒரு மை வந்திருந்தது. ரத்தத்தின் அடர்த்தியும் அதன் அடர்த்தியும் ஒன்றுதானாம், அதனால் எரியாதாம். எங்கள் டாக்டரம்மா, முப்பத்தைந்து வயதுக்காரர், நடக்கமாட்டார், ஓடுவார், அதைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க அனுமதி வாங்கினார். அறுபது நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் அதே காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு படம், ஒன்று பழைய மையில், ஒன்று புதியதில். எது முதலில் என்பது எங்களுக்குத் தெரியக்கூடாது. பாட்டில்களைக் காகிதத்தில் சுற்றி, ஒன்று இரண்டு என்று எண் போட்டு மருந்தகத்திலிருந்து அனுப்புவார்கள். அச்சடித்த பாரத்தில் மூன்று கேள்வி. சூடு எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்? கால் அசைந்ததா? படம் தெளிவா? முதல் கேள்வியைக் கேட்டு எழுதுவது அக்காவின் பொறுப்பு.

சுற்றிய காகிதத்துக்கு முதல் நாளே மரியாதை போய்விட்டது. பழைய மை என்றால் மூன்றாவது நொடியில் முகமே சொல்லிவிடும். புதியது என்றால்? அதைப் பார்த்த முதல் தடவையை நான் மறக்கமாட்டேன். மை இறங்குகிறது, திரையில் குழாய்கள் ஒவ்வொன்றாகக் கிளை பிரிந்து கறுக்கின்றன, மேசையில் கிடக்கிற அம்மாள் தன் மருமகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். நிறுத்தக்கூட இல்லை. காலுக்குள் ஒன்று பாய்ந்துகொண்டிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. நான் அறைக்குள் பேசும் மைக்கை அணைத்துவிட்டு, என் பக்கத்தில் யாரும் இல்லாத போதும், "அடேயப்பா" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அக்கா மட்டும் பாரத்தை அப்படியே நிரப்பவில்லை. எவ்வளவு என்று கேட்டுவிட்டு, "எங்க?" என்றும் கேட்டார். சூடு எங்கே வருகிறது, அப்போது எண்ணிக்கை எத்தனையில் இருந்தது என்று ஓரத்தில் எழுதிக்கொண்டார். எட்டாம் வகுப்போடு நின்ற உருண்டை எழுத்து. முழங்கால் ஆறு, கணுக்கால் பத்து, விரல் பதிமூன்று. டாக்டரம்மா பாரத்தைத் தூக்கிக் காட்டினார்.

"என்னக்கா இது? ஓரமெல்லாம் கோழி கிண்டின மாதிரி எழுதி வெச்சா நான் எப்படிக் கணக்குல சேக்கிறது?"

"சூடுன்னு ஒருத்தர் சொன்னா எங்கேன்னு கேக்கணும்ல அம்மா? பதினாறு வருஷமா நான் கேட்டதே இல்லை. இப்பதான் கேக்கச் சொல்லி ஒரு காகிதம் வந்திருக்கு."

"எவ்வளவுன்னுதான் காகிதத்துல இருக்கு, எங்கேன்னு இல்லை."

"சரிங்கம்மா" என்றார் அக்கா. அடுத்த பாரத்தின் ஓரத்திலும் எழுதினார்.

முப்பத்தெட்டாவது ஆளாக வந்தவர் ஒரு தபால்காரர். முப்பது வருஷமாக நடந்து தேய்ந்த கால். வலது பாதத்தில் இரண்டு விரல் கறுத்துப்போயிருந்தது. பாதம் முழுக்கச் சில்லிட்டுக் கிடந்தது. அறுவை சிகிச்சைக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பாதத்தில் ஒரே ஒரு குழாயாவது திறந்திருந்தால், மேலிருந்து ரத்தத்தைக் கொண்டுவந்து அதில் இணைத்துவிடலாம், கால் பிழைக்கும். ஒன்றும் இல்லை என்றால் நாளைக் காலை எட்டு மணிக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியது. இருக்கிறதா இல்லையா என்பதை எங்கள் படம்தான் சொல்லவேண்டும். வெளியே பெஞ்சில் அவர் மனைவி மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நாய்ங்க துரத்தும்போதெல்லாம் கைகொடுத்த கால் சார் இது" என்றார் தபால்காரர் மேசையில் படுத்தபடி.

"கால் எப்படி அண்ணா கைகொடுக்கும்?" என்றார் அக்கா, பாதத்தை ஏந்திக்கொண்டே.

அவர் சிரித்தார்.

முதல் பாட்டில் புதிய மை. அவர் முகம் மாறவில்லை. படம் அசையாமல், கத்தி வைத்து வெட்டின மாதிரி வந்தது. முழங்கால் வரை நல்ல கறுப்பு. அதற்குக் கீழே பொடிப்பொடியாக நாலைந்து கிளை. அப்புறம் வெறும் சாம்பல் திரை. இருபது நொடி பார்த்தேன். பெடலிலிருந்து காலை எடுத்தேன்.

இரண்டாவது பாட்டில் பழைய மை. ஐந்தாவது நொடியிலேயே "ஐயோ, தொடை" என்றார். அக்கா எண்ணினார். "முழங்கால்" என்றார். அக்கா எண்ணினார். திரையில் பழைய கதைதான். இருபத்திரண்டில் காலை எடுத்துவிட்டு, பேனாவை எடுத்து, பாதத்தில் குழாய் எதுவும் தெரியவில்லை என்று எழுத ஆரம்பித்தேன். அறைக்குள் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்திநாலு, முப்பத்தஞ்சு, முப்பத்தாறு.

"கட்டைவிரல்! அம்மா, கட்டைவிரல் எரியுதே!" என்று கத்திக்கொண்டு காலை இழுத்தார் தபால்காரர்.

அடங்கிய பிறகும் அக்கா பாதத்தை விடவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பினார். "சார், படத்தை எப்ப நிறுத்துனீங்க?"

"இருபத்திரண்டுல."

"இவருக்கு முப்பத்தாறுலதான் விரலுக்குப் போய்ச் சேந்திருக்கு."

எனக்கு எரிச்சல் வந்தது. "அக்கா, அது வலி. கெட்டுப்போன விரல் வலிக்கத்தான் செய்யும். படத்துல ஒண்ணுமில்லை."

"முதல் பாட்டில்ல வலிக்கலையே சார். விரல் அதே விரல்தானே?"

பேனாவைக் கீழே வைத்தேன். டாக்டரம்மா கையுறையோடு அப்படியே நின்றார். நெறிமுறைப்படி ஒருவருக்கு இரண்டு தடவைதான் மை. மூன்றாவது என்றால் சிறுநீரகத்துக்குச் சுமை, ஆய்வுக் குழுவுக்கு விளக்கம் எழுதவேண்டும், வெளியே இன்னும் நாலு பேர் காத்திருக்கிறார்கள். அக்கா சத்தம் போடவில்லை, கெஞ்சவும் இல்லை.

"அந்த ஃபைலைப் பாருங்கம்மா. ஓரத்துல நான் எழுதினதை மட்டும் பாருங்க. விரல்னு யார் யார் சொன்னாங்களோ அவங்க படத்துலெல்லாம் பாதத்துல குழாய் இருக்கு. குழாய் இல்லாதவங்க யாரும் விரல்னு சொன்னதில்லை. ஒரே ஒருத்தருக்குத்தான் இது பொருந்தலை. அது ஏன்னு எனக்கு இத்தனை நாளாப் புரியலை. இப்பப் புரியுது."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஃபைலைப் புரட்டினார். நின்றபடியே முப்பத்தேழு பாரத்தையும் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறிக்கொண்டு வந்தது. கோழி கிண்டின எழுத்தை ஒரு மனுஷி அப்படி விழுங்கி விழுங்கிப் படித்ததை நான் பார்த்ததில்லை. இந்த ஆய்வில் எதைக் குறை என்று எண்ணிக் கழித்துக்கொண்டிருந்தோமோ, அந்த எரிச்சல்தான் ரத்தம் எதுவரை போகிறது என்பதைக் காலுக்கு உள்ளிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு எழுதிவைத்தவர் ஒருவர்தான்.

"காலையில எடுத்த ரத்தப் பரிசோதனையில கிட்னி நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "புது மையைக் கொண்டு வாங்க. இந்தத் தடவை காகிதம் வேண்டாம், எனக்குத் தெரிஞ்சே போடுறேன். அவர் அசையக்கூடாது. சார், நான் சொல்ற வரைக்கும் நீங்க காலை எடுக்கக்கூடாது."

மூன்றாவது தடவை. "ஒண்ணு" என்றார் அக்கா.

பத்து வரை எதுவும் புதிதில்லை. இருபதில் அதே சாம்பல் திரை. இருபத்திரண்டு. என் கால் தானாக எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். இருபத்தெட்டு. முப்பது. எனக்குக் காது இரைந்தது. முப்பத்திரண்டில் கணுக்காலுக்குப் பின்னால் ஏதோ அழுக்குப் பட்ட மாதிரி இருந்தது. திரையைத் துடைக்கலாமா என்று கை போனது. அழுக்கு நீண்டது. எங்கெங்கோ சுற்றி, பேர் இல்லாத சந்துபொந்தெல்லாம் புகுந்து வந்த மை, அங்கே ஒரு குழாய்க்குள் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து. உள்ளங்காலில் ஒரு வளைவு எழுந்தது, மயிரிழை அளவுக்கு. முப்பத்தாறு. அந்த வளைவிலிருந்து ஒரு கிளை பிரிந்து கட்டைவிரலின் ஓரமாக ஏறி நின்றது.

இருபத்திரண்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கான கால்களைப் பார்த்தவன் நான். பெரிய பெரிய குழாய்கள் ஆறு மாதிரி இறங்குவதைப் பார்த்து அலுத்தவன். இந்த ஒரு நூலைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லா வழியும் அடைபட்ட ஒரு காலுக்குள், ஒருவரும் பார்க்காதபோதும், ரத்தம் பாட்டுக்கு வழி தேடித் தேடி முப்பத்தாறு நொடி நடந்து விரல் நுனிக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அத்தனை மாதமாக, ஒவ்வொரு துடிப்புக்கும். அதை ஒரு மிஷின் பார்க்கவில்லை. ஒரு வாய் சொன்னது, ஒரு காது கேட்டது. உடம்பே கூசியது எனக்கு. வெட்கமா பிரமிப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"ஆரம்பிச்சுட்டீங்களா சார்?" என்று கேட்டார் தபால்காரர், எதையும் உணராமல் கிடந்தவர்.

"முடிஞ்சே போச்சு அண்ணா" என்றார் அக்கா. அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "விரல் வரைக்கும் இருக்கு."

அறுவை சிகிச்சைக்காரர் வந்து திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். கணுக்காலுக்குப் பின்னால் விரலை வைத்து, "இங்க தைச்சுடலாம்" என்றார். மறுநாள் எட்டு மணிக்கு, காலை எடுப்பதற்கென்று ஒதுக்கியிருந்த அதே அறுவை மேசையில் அதே மனுஷனுக்கு வேறு சிகிச்சை நடந்தது. இரண்டு விரல் போயிற்று. கால் நின்றது. ஆறு வாரம் கழித்துத் தபால்காரர் தன் காலாலேயே படியேறி எங்கள் அறை வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

ஆனால் அக்கா அன்றைக்கே சந்தோஷப்பட்டு முடித்துவிட்டார். அந்த மூன்றாவது படம் எடுத்த அன்று, நோயாளிகளெல்லாம் போன பிறகு டாக்டரம்மாவிடம் வந்து நின்றார்.

"அந்த ஒருத்தரைப் பாத்தீங்களாம்மா?"

டாக்டரம்மா அந்தப் பாரத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். பத்தொன்பதாவது ஆள். சலூன்காரர். நாள் முழுக்க நின்று வேலை செய்பவர். ஓரத்தில் எழுதியிருந்தது: விரல், நாற்பத்தொன்று. என் படம் இருபதில் நின்றிருந்தது. அவருடைய இடது காலை வெட்டி எடுத்து இரண்டு மாதமாகிறது.

சலூன்காரரைப் படம் எடுத்த அன்றைக்கே அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார். "விரல்னாரு சார்" என்றார். "வலியில ஆயிரம் சொல்வாங்க" என்றேன் நான். அதுவும் ஞாபகம் வந்தது.

"அவருக்கு யார்மா சொல்றது?" என்றார் அக்கா.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டரம்மா பாரத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "நான் சொல்றேன்" என்றார். "இன்னொரு காலும் வலிக்குதுன்னு போன வாரம் வந்துட்டுப் போயிருக்கார். கூப்பிடுறேன். படுக்க வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சொல்லிடுறேன்."

திங்கட்கிழமை அவர் ஊன்றுகோலோடு வந்தார். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிரே உட்கார்ந்து, பாரத்தைக் காட்டி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். குழாய் இருந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நாங்கள் பார்க்கவே இல்லை, பார்த்திருக்க வேண்டும். படம் எடுத்தது நான் என்று நானே சொன்னேன். அவர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்த ஓரத்து எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நாப்பத்தொண்ணு" என்றார். "ஆமா, சொன்னேன். எனக்கு ஞாபகம் இருக்கு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னைக்கு எத்தனை வரைக்கும் பாப்பீங்க?"

"நீங்க போதும்னு சொல்ற வரைக்கும்."

படுத்தார். இருந்த ஒரு பாதத்தை அக்கா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். அவரும் கூடவே எண்ணினார். பதினான்கிலேயே விரல் வரை அத்தனை குழாயும் திரையில் வந்துவிட்டது, நல்ல கால். டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. இருபது. முப்பது. நாற்பது. நாற்பத்தொன்றை அவர் மட்டும்தான் சொன்னார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "போதும் சார்" என்றார்.